தண்ணீரைப் பற்றிக் கேட்காத படிவம்: வாடகை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, செங்கல்பட்டு மாவட்டங்களின் வாடகை அதிகாரிகளுக்கு,

நகல்: வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலர், பொது சுகாதாரத் துறை இயக்குநர்.

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். விழுப்புரம் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் காலம் தள்ளியவள். தாய்சேய் அட்டை, தடுப்பூசிப் பெட்டி, இரும்புச்சத்து மாத்திரை, பிளீச்சிங் பவுடர் என்று போனது என் பிழைப்பு. வாடகைச் சட்டத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. என் மகள் ஏழாம் மாதத்தில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் 2017ஆம் ஆண்டு இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் சட்டத்தை அட்டவணை வரைக்கும் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மகளும் மாப்பிள்ளையும் குடியிருந்தது தென் சென்னைப் புறநகரில். மாநகராட்சி எல்லை 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்ததே, அப்படிச் சேர்ந்த பகுதிகளில் ஒன்று. பாதாளச் சாக்கடை இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. அரை கிரவுண்டில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு போர்ஷன். நான்கு வீட்டுக்கும் ஒரே சம்ப் (தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் தொட்டி), ஒரே செப்டிக் டேங்க். இரண்டும் வீட்டுக்கு முன்னால், பைக் நிறுத்தும் இடத்துக்குக் கீழே, பக்கத்துப் பக்கத்தில். சம்ப்பின் மூடி தரை மட்டத்தில்தான் இருந்தது. மழை பெய்தால் அந்த மூடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கும். அதன் மேல்தான் பைக்கை ஏற்றி நிறுத்துவார்கள்.

வீடு பார்க்கப் போன அன்று உரிமையாளர் இவர்களிடம் கேட்காத கேள்வி கிடையாது. எத்தனை பேர், எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், அசைவம் சமைப்பீர்களா, ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்களா, பைக் எத்தனை. ஆதார், பான் கார்டு நகல், போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று சட்டம் பேசினாலும் ஊர் வழக்கம் பத்து மாதம்; அதையும் கொடுத்தாயிற்று. அந்த வீட்டைப் பற்றி யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐப்பசி மழை முடிந்து கொஞ்ச நாளில் காலையில் முதலில் திறக்கும் குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை வருவதாக மகள் சொன்னாள். உரிமையாளரிடம் சொன்னதற்கு, "லாரித் தண்ணி அப்படித்தாம்மா இருக்கும். கொஞ்ச நேரம் திறந்து விட்டுட்டுப் பிடிங்க" என்றார். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, குடிக்க அந்தத் தண்ணீர்தானே என்று இவர்களும் இருந்துவிட்டார்கள். ஆனால் பல் தேய்ப்பது, வாய் கொப்பளிப்பது, தட்டு கழுவுவது, கொத்தமல்லி அலசுவது எல்லாம் குழாய்த் தண்ணீரில்தான். எந்த வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரில் பல் தேய்க்கிறார்கள்?

மார்கழியில் காய்ச்சல், வாந்தி. "மசக்கை திரும்பி வந்துடுச்சு போலம்மா" என்று போனில் சிரித்தாள். ஏழாம் மாதத்தில் மசக்கை திரும்பாது. நான் கிளம்பிப் போய், அவளை ஜன்னல் பக்கம் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "வெயில் சூடு" என்றாள். மார்கழியில் என்ன வெயில் சூடு! பக்கத்து வீட்டு அம்மா கீழாநெல்லியை அரைத்து டம்ளரில் கொண்டு வந்துவிட்டார். கீழாநெல்லி மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு மஞ்சள் காமாலை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அதுவும் ரத்தம் ஏற்ற வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி. இதை மட்டும் இந்த மடலைப் படிக்கிற ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் இ என்று வந்தது. பி அல்ல, சி அல்ல. அவை பரவும் வழி வேறு. இது மலம் கலந்த தண்ணீர் வழியாக வருவது. கல்லீரல் வீங்கி, ரத்தம் உறையும் தன்மை குறையத் தொடங்கியிருந்தது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண்ணைத் தினமும் பார்த்தார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற ரிபாவிரினைக் கர்ப்பிணிக்குத் தொடவே கூடாது. உடம்பு தானாக மீள வேண்டும். அதுவரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

இரவில் டியூட்டி நர்ஸ் வரும்போதெல்லாம் அவளை எழுப்பி, "உங்க பேர் என்ன? இன்னைக்கு என்ன கிழமை? இது எந்த ஊர்?" என்று கேட்பாள். மகளுக்குக் கோபம். "என்னம்மா இது, தூங்க விடாம பேரைக் கேட்டுட்டே இருக்காங்க" என்பாள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கல்லீரல் கைவிட்டால் முதலில் புத்திதான் தடுமாறும். கிழமை மாற்றிச் சொன்னால் அடுத்தது ஐ.சி.யு. அவள் எரிச்சலோடு "வியாழக்கிழமை" என்று சரியாகச் சொல்லும்போதுதான் எனக்கு மூச்சு வரும். வளைகாப்புக்குப் பேசிவைத்த மண்டபத்தை மாப்பிள்ளை போனிலேயே வேண்டாம் என்று சொன்னார்.

அவள் தப்பித்துவிட்டாள். ஐ.என்.ஆர். மெல்ல இறங்கியது. பிள்ளையும் பத்திரமாகப் பிறந்தது. எங்கள் கதை நல்லபடி முடிந்ததால் உங்கள் பதிவேட்டில் இது எங்கேயும் இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த நோயின் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சட்டம் அந்தக் குணத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. பொதுவாக ஹெபடைட்டிஸ் இ வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். பலருக்கு வந்ததே தெரியாது. கர்ப்பிணியிடம் மட்டும் அது வேறு முகம் காட்டும். கடைசி மூன்று மாதங்களில் பிடித்தால் 20 முதல் 25 சதவீதம் வரை இறப்பு ஏற்படக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 1955, 56இல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை வந்தது. இந்தக் கிருமி என்று அப்போது யாருக்கும் தெரியாது, பிற்பாடுதான் தெரிந்தது. கர்ப்பிணிகளை அது அதிகமாகச் சாய்க்கிறது என்பது அப்போதே பதிவானது. 1978இல் காஷ்மீரிலும் இதே கதை. இதற்கு ஒரு தடுப்பூசி சீனாவில் 2011இலேயே அனுமதி பெற்றது. நம் துணை சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் அது இல்லை.

"நாலு வீட்டுக்காரங்களும் அதே தண்ணியிலதான் புழங்குறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலியே" என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். கீழ் போர்ஷன் பையனுக்குக் கொஞ்ச நாள் முன்பு காமாலை வந்து போயிருக்கிறது. பானி பூரி மேல் பழி விழுந்தது. மற்றவர்களுக்கு வந்திருந்தாலும் ஒரு காய்ச்சலாகப் போயிருக்கும். அந்தத் தண்ணீர் எல்லோரையும் விட்டுவிட்டு, வாயும் வயிறுமாக இருக்கிற ஒருத்தியை மட்டும் சாய்க்கக்கூடியது.

இன்னொரு குணம் அதன் தாமதம். கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய 2 முதல் 10 வாரம் ஆகும். பெரும்பாலும் 5, 6 வாரம். 2024 டிசம்பரில் பல்லாவரம் பக்கம் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும் உயிரிழப்பு நேர்ந்ததும் நினைவிருக்கும். குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள், அரசுத் தரப்பு மறுத்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்ததால் அன்றே சத்தம் எழுந்தது, அதிகாரிகள் ஓடி வந்தார்கள், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்தார்கள். ஹெபடைட்டிஸ் இ அப்படிச் சத்தம் போடாது. ஒருத்தி படுக்கும்போது அவள் குடித்த தண்ணீர் சம்ப்பிலிருந்து எப்போதோ போயிருக்கும். லாரி எத்தனை முறை வந்து நிரப்பியிருக்கும்! எங்கே வந்தது என்று எப்படி நிரூபிப்பது? வெளியில் சாப்பிட்டிருப்பாள், கல்யாண வீட்டில் குடித்திருப்பாள் என்று யாரும் சொல்லலாம். மறுக்க எங்களிடம் காகிதம் ஏதும் இல்லை.

காகிதம் இல்லையே தவிர, நான் சும்மா இருக்கவில்லை. கூட வேலை பார்த்த தோழி ஒருத்தியிடமிருந்து, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப்பும், மலக் கிருமிக்கான ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பியும் வாங்கி வரச் சொன்னேன். சம்ப் தண்ணீரில் சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் எழ வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். எழவில்லை. அந்தக் குப்பி விரல் நீளம்தான் இருக்கும், உள்ளே ஒரு பழுப்புத் தாள். குழாய்த் தண்ணீரைக் கோடு வரை நிரப்பிச் சமையல் மேடை ஓரமாக வைத்தேன். மறுநாள் தாளும் தண்ணீரும் மைக்கறுப்பு. மலக் கிருமி இருக்கக்கூடும் என்பதற்கு அது அடையாளம். வைரஸை அது காட்டாது. ஆனால் சாக்கடைக்கு உள்ளே வர வழி இருக்கிறது என்று காட்டிவிட்டது. கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்த மாதிரிச் சோதனைகளைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடிவந்தவளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கறுத்த குப்பியை உரிமையாளரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வூதியம் இல்லாத மனிதர், வாடகைதான் சாப்பாடு, வீட்டுக் கடன் வேறு. பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சரி பண்ணணும்தாம்மா. ஆனா மாசமா இருக்கிற பொண்ணு குடியிருக்கிற வீட்டுல தரையைத் தோண்டக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பிரசவம் ஆகட்டும், பார்ப்போம்." அவர் அதை அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கலாம், சம்ப்பைக் காலி பண்ணிப் பிளீச்சிங் போட்டுக் கழுவலாம், மூடியை அரை அடி உயர்த்திக் கட்டலாம், அதற்குத் தோண்ட வேண்டியதில்லை என்றேன். (ஆளை உள்ளே இறக்கிவிடாதீர்கள் என்றும் சொன்னேன். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது குற்றம். அதை விட முக்கியம், அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளை.) நாங்கள் மகளை ஊருக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். அடுத்த ஆள் வந்தால்தான் அட்வான்ஸ் என்று சொல்லி, கடைசியில் வெள்ளையடிக்கப் பிடித்தது போக மீதியைக் கொடுத்தார்.

இப்போது உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். குத்தகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் படிவத்தில் இரு தரப்பின் பெயர், முகவரி, அடையாள எண்கள், வாடகைத் தொகை, காலம், என்னென்ன மேசை நாற்காலி கொடுக்கப்படுகிறது என்பது வரை கேட்கிறீர்கள். தண்ணீர் என்று ஓரிடத்தில் வருகிறது. எங்கே? "இதர கட்டணங்கள்" என்பதன் கீழ், மின்சாரத்துக்கு அடுத்து. தண்ணீருக்கு எவ்வளவு வசூலிக்கிறார் என்பது அரசுக்குத் தெரிய வேண்டும். அது எப்படிப்பட்ட தண்ணீர், எங்கே தேக்கி வைக்கிறார் என்பது தெரிய வேண்டாமா?

பராமரிப்புப் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் அட்டவணையும் இப்படித்தான். குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. கீசர், ஸ்விட்ச், கதவுப் பூட்டு, பூச்சி வராமல் அடிக்கும் வலை, ஏன், குளியல் தொட்டி ரிப்பேர் கூட குடியிருப்பவர் தலையில். எங்கள் போர்ஷன்களில் குளியல் தொட்டியை யார் பார்த்தது? வெள்ளையடிப்பதும் குழாய் மாற்றுவதும் ஒயரிங்கும் உரிமையாளருக்கு. சம்ப், செப்டிக் டேங்க் இரண்டும் பெயர் சொல்லி எந்தப் பக்கத்திலும் இல்லை. உரிமையாளர் பழுது பார்க்காவிட்டால் குடியிருப்பவர் பார்த்துக்கொண்டு வாடகையில் கழிக்கலாம், உங்களிடம் முறையிடலாம் என்கிறது சட்டம். ஒழுகும் கூரைக்கு அது பொருந்தும்; ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். பொதுச் சம்ப்பை மேல் போர்ஷனில் இருப்பவள் எப்படிப் பழுது பார்ப்பாள்? கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய், ஒன்றரை மாதம் கழித்து வெளியே வரும் நோய்க்கு, நடந்த பிறகு மனுக் கொடு என்பது ஒரு வழியே அல்ல. குடியேறும் முன்பே பார்த்தாக வேண்டும். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

எப்படி என்று கேட்பீர்கள். படிவத்தில் சில வரிகள் சேருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையில் எத்தனை அடி, சம்ப் கடைசியாக எப்போது கழுவப்பட்டது, செப்டிக் டேங்க் எப்போது காலி செய்யப்பட்டது. கூடவே சமீபத்திய தண்ணீர்ப் பரிசோதனை முடிவு ஒன்று இணைக்கப்படட்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து, செப்டிக் டேங்க் கழிவுநீர் இறங்கும் உறிஞ்சுகுழி 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். 18 மீட்டர் என்றால் ஏறத்தாழ 60 அடி, ஒரு முழு கிரவுண்டின் நீளம். அரை கிரவுண்டில் போர்வெல் போட்டு நான்கு போர்ஷன் கட்டியவரிடம் அதைக் கேட்டால் அவர் எங்கே போவார்? அதனால் தூரத்தைக் காட்டி வீடுகளை மூடச் சொல்லவில்லை. தூரம் இல்லாத இடத்தில் சம்ப்பின் சுவரும் மூடியும் கசியாமல் இருக்கிறதா, தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உரிமையாளர் பொய் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்கட்டும், கையெழுத்துப் போட்ட பொய்யாவது மிஞ்சும். எங்களிடம் அதுவும் இல்லை.

முதலில் நான் யோசித்தது வேறு. அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கும் ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டிலும் கட்டாயத் தண்ணீர்ச் சோதனை, தவறினால் உரிமையாளர் மேல் நடவடிக்கை. சொன்னதும் என் மகள் சிரித்தாள். "அப்படி வெச்சா, கல்யாணமான பொண்ணுங்களுக்கு வீடே கிடைக்காதும்மா. இப்பவே 'விசேஷம் ஏதாவது உண்டா'ன்னு கேட்டுட்டுத்தான் சாவி தர்றாங்க." அவள் சொல்வது சரி. நிபந்தனை வீட்டின் மேல் இருக்க வேண்டும், யார் குடிவந்தாலும். நகர்ப்புறச் செவிலியர் கர்ப்பிணியைப் பார்க்க வரும்போது ரத்த அழுத்தக் கருவியோடு ஒரு குப்பியும் கொண்டு வரட்டும். முடிவைத் தாயிடம் சொல்லட்டும். உங்கள் அலுவலகத்துக்குக் கட்டட முகவரி மட்டும் போகட்டும், அவள் பெயர் போக வேண்டாம்.

வாடகை ஏறிவிடும் என்பார்கள். சம்ப் கழுவும் செலவை நான்கு வீட்டுக்குப் பிரித்தால் என்ன வரும் என்று நான் அந்த உரிமையாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மகளின் ஆஸ்பத்திரி பில்லில் ஒரு நாள் படுக்கைக் கட்டணத்தைத் தொடவில்லை.

படிவமும் அட்டவணையும் சட்டத்தோடு ஒட்டியவை, உங்கள் மேசையில் மட்டும் முடிகிற காரியமல்ல என்று தெரியும். நகல்கள் அதற்காகத்தான். ஆனால் ஒன்றை நீங்கள் உடனே செய்யலாம். அந்த மேல் போர்ஷன் மறுபடியும் வாடகைக்கு வந்திருக்கிறது. மூடி உயரவில்லை, சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட். முகவரியைத் தனி உறையில் வைத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வேறு யாரும் சாமான் இறக்குவதற்குள் ஒரு சுகாதார ஆய்வாளரை அனுப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்